கோரைத்திட்டில் பிடித்ததாக எழுதிய நண்டுகள்

என் பெயர் உமர் பாரூக். பழவேற்காட்டில் நண்டு வியாபாரம். வயது எழுபத்தொன்று. ஏரியில் பிடித்த பச்சை நண்டு எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும் சரி, புரட்டி வயிற்றைப் பார்த்து, அது எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். முகத்துவாரத்து நண்டுக்கு மணலில் தேய்ந்து வயிறு வெளுத்திருக்கும். சிப்பிமேட்டு நண்டுக்குக் காலடியில் கீறல் கீறலாக இருக்கும். அலையாத்தி ஓடையில் கிடந்ததற்குத் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை. தெற்கு ஓடை நண்டு என்றால் மூட்டுக்கு மூட்டு கருஞ்சேறு. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐம்பத்தாறு வருடம் நண்டு கட்டினால் தானாக வரும். என்னோடு கட்ட ஆரம்பித்த பத்துப் பேருக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதிதான். எங்கள் குடும்பத்துக்கு வியாபாரக் குடும்பம் என்று பெயர் இருந்ததே தவிர, நான் பிறந்த காலத்தில் வாப்பாவிடம் ஒரு தராசு மட்டும்தான் மிச்சம். பதினைந்து வயதில் ஒரு மொத்த வியாபாரியின் கொட்டகையில் நண்டு கட்டப் போனேன். இரண்டு கொடுக்கையும் மடக்கி, சணல் கயிற்றை ஒரே சுற்றாகச் சுற்றி, பெருவிரலால் முடிச்சுப் போடவேண்டும். மற்றவர்கள் ஒரு நண்டு கட்டும் நேரத்தில் நான் மூன்று கட்டுவேன். பிறகு சொந்தமாக இரண்டு கூடை. சைக்கிளில் பொன்னேரி வரை மிதித்து, அங்கிருந்து ரயிலில் சென்னைக்கு. ஒரு நாள் மீஞ்சூர் நிலையத்தில் ஒரு கூடை சாய்ந்து, கட்டாமல் வைத்திருந்த நாற்பது நண்டும் பெட்டிக்குள் நடக்கத் தொடங்கிவிட்டன. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் இருக்கை மேல் ஏறி நின்றார்கள். எண்ணூர் வருவதற்குள் நாற்பதையும் பிடித்துக் கட்டிவிட்டேன். ஒருவர் காலையும் ஒரு நண்டும் தொடவில்லை. அன்றைக்குப் பெட்டியில் இருந்த யாராவது இதைப் படித்தால் சாட்சி சொல்லுவார்கள்.

இப்போது எனக்குச் சொந்தக் கொட்டகை, எட்டுத் தண்ணீர்த் தொட்டி, பன்னிரண்டு ஆட்கள். என் நண்டு விமானத்தில் சிங்கப்பூர் போகிறது. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்தது இல்லை.

இவ்வளவும் சொன்னது, நான் செய்த ஒரு தப்பைச் சொல்வதற்காக. தப்பைச் சொல்கிறவன் யார் என்று முதலில் தெரியவேண்டும் அல்லவா.

நாலு வருடத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து கல்பனா என்று ஒரு பெண் வந்தாள். ஆரணிப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டுப் பிள்ளை. நண்டைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கவேண்டும். இரண்டாயிரம் நண்டின் முதுகு ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் பட்டை கோத்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு ஏரியில் விட்டார்கள். மீனவர் வலையில் அந்த நண்டு திரும்ப மாட்டினால், எங்கே பிடித்தது, என்றைக்குப் பிடித்தது என்று சொல்லவேண்டும். நண்டு எங்கே வளர்கிறது, சினை பிடித்த பிறகு எங்கே போகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். பட்டை போட்ட நண்டு கொண்டு வருகிறவருக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு.

“ஐயா, ஏரியில புடிக்கிற நண்டுல பாதி உங்க கொட்டகைக்குத்தான் வருதாம். நோட்டு உங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கும்” என்றாள்.

“பாதி இல்லம்மா, முக்கால்வாசி” என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டேன்.

நோட்டில் ஐந்து கட்டம். நம்பர், தேதி, எடை, ஆணா பெண்ணா சினையா, பிடித்த இடம். கூடவே ஒரு போன் கொடுத்து, நண்டை மேலே ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று என்று இரண்டு படம் எடுக்கச் சொன்னாள். எல்லாம் சுத்தமாகச் செய்தேன். ஐந்தாவது கட்டத்தைத் தவிர.

எங்கள் ஏரியில் மீன்பிடிக்க ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தக் குழு, நாளைக்கு அந்தக் குழு என்று முறை வைத்துப் போவார்கள். எந்த இடத்தில் என்ன கிடைத்தது என்பதை வெளியாளிடம் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கேட்டால் “கோரைத்திட்டுல” என்பார்கள். கோரைத்திட்டு என்பது கரையோரத்து முட்டளவுத் தண்ணீர். அங்கே ஆண்கள் வலை போடுவதில்லை. பெண்கள் இறங்கிக் கையால் தடவி இறால் பொறுக்குகிற இடம். ஆகவே கோரைத்திட்டில் பிடித்தேன் என்று ஒருவன் சொன்னால், ‘கேட்காதே’ என்று அர்த்தம். ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். கேட்டவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பட்டை போட்ட நண்டோடு வந்த ஒவ்வொருவரையும் எங்கே பிடித்தது என்று கேட்டேன். பாடு இல்லாத சிலர் உள்ளபடி சொன்னார்கள். பாட்டில் முறை உள்ள பாட்டுக்காரர்கள் எல்லோரும், “கோரைத்திட்டு, பாய்.” எழுதினேன். எழுதும்போதே வயிறு வெளுத்த நண்டு கையில் இருக்கும். முகத்துவாரம் என்று கண் சொல்லும். கை கோரைத்திட்டு என்று எழுதும். மீனவன் ரகசியத்தை வியாபாரி காப்பாற்றவேண்டும், அதுதான் தொழில் மரியாதை என்று நினைத்தேன். அந்த நோட்டைப் படிக்கப்போகிறவள் ஆரணிக்காரி என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று நண்டு திரும்பி வந்தது. எங்கள் ஊரில் எவர்சில்வர் தூக்கு இல்லாத வீடு இல்லை என்று ஆயிற்று.

பிறகு ஒரு நாள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊரில் எல்லோரும் வந்திருந்தார்கள். கல்பனாவின் பேராசிரியர் பார்த்திபன் என்பவர் திரையில் ஏரியின் படத்தைக் காட்டினார். ஏரி முழுக்க நீலம். அங்கங்கே சிவப்புப் புள்ளி, ஒரு மூலையில் மட்டும் தட்டம்மை போட்ட மாதிரி.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு நண்டு. சினை நண்டு முகத்துவாரம் வழியா கடலுக்குப் போயிடும்னுதான் இதுவரைக்கும் எல்லாரும் எழுதியிருக்காங்க. உங்க ஏரியில அப்படி இல்ல. கோரைத்திட்டுல வந்து சேருது. இது புதுசு” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். “அதனால தை, மாசி, பங்குனி மூணு மாசம் கோரைத்திட்டுல யாரும் இறங்கக்கூடாதுன்னு பரிந்துரை பண்றோம். பன்னெண்டு நாள்ல அறிக்கை திருவள்ளூருக்குப் போகுது.”

ரத்னா எழுந்தாள். இறால் பொறுக்குகிற அறுபது பெண்களுக்கு அவள்தான் தலைவி. தலைவி என்று யாரும் பட்டம் கட்டவில்லை, அவளுக்கு முன்னால் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

“சார், அங்க எனக்கு முட்டிக்கால் தண்ணி. முப்பது வருசமா அந்த சேத்த கையால தடவிக்கினு கீறேன். நீங்க சொல்ற நண்டு அங்க இருந்தா எனக்கு வெரலு இருக்குமா?” என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. பேராசிரியரும் சிரித்தார். “நியாயமான கேள்விம்மா. ஆனா நூத்திப் பதினெட்டு நண்டு அங்க புடிச்சதா பதிவு இருக்கு. ஒருத்தர் சொன்னதில்ல, இவ்வளவு பேர் சொன்னது.”

“தை மாசத்துலதான் எங்களுக்கு எறாலே. அந்த மூணு மாசம் பொறுக்கறதுலதான் மழைக்காலம் வரைக்கும் அடுப்பு எரியுது. அத்த மூடிட்டா நாங்க இன்னா பண்றது?”

அவர் மாற்று வேலை, பயிற்சி என்று ஏதோ சொன்னார். ஆண்கள் வரிசையில் ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துலுக்காணம். பாடுகளுக்குச் சீட்டுப் போடுகிற பெரிய ஆள். என் தொடைமேல் கையை வைத்து அழுத்தினார்.

“பாய், வாய மூடிக்கினு குந்து. பொம்பளைங்க மூணு மாசம் வேற வேல பாப்பாங்க. நம்ம பாடு தப்பிச்சுதுல்ல” என்று காதோடு சொன்னார்.

நான் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். ஏன் என்பதை மறைக்கவேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் முகத்துவாரத்துப் பாடுதான் மூடப்படும். என் தொட்டிக்கு வருகிற நல்ல நண்டெல்லாம் அங்கிருந்துதான்.

மூன்றாம் நாள் காலையில் ரத்னா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். என் மனைவி சாயிரா பானு உள்ளே நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாஷ்டா ஆச்சா பாய்?”

“ஆச்சு. உனக்கு?”

“எனக்கு தை மாசத்துலேர்ந்து நாஷ்டா இல்ல. அத்த சொல்லத்தான் வந்தேன்.”

“அதுக்கு நான் இன்னா பண்ணுவேன் ரத்னா. பெரிய படிப்பு படிச்சவங்க சொல்றாங்க.”

“அவங்க படிச்சது உன் நோட்ட. எழுதினது நீதானே?”

“எழுதினது நான். சொன்னது அவனுங்க.”

“சொன்னது பொய்யின்னு உனக்குத் தெரியும்.”

“ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும் பாய். அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

தராசுப் பக்கமிருந்து சாயிரா பானு பேசினாள். “நாப்பத்தஞ்சு வருசமா வயித்த பாத்தே சொல்லிடுவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறீங்க. அந்த நோட்டுல எழுதறப்ப நண்டுக்கு வயிறு இல்லாமப் போச்சா?”

“நீ எடயப் பாரு” என்றேன்.

“அதத்தான் பாக்கறேன். ஒரு பக்கமா சாயுது.”

ரத்னா சிரிக்கவில்லை. “அந்தத் தண்ணி எங்க அம்மா எறங்கின தண்ணி, என் பொண்ணு எறங்கற தண்ணி. அது உங்க ஆம்பளைங்களுக்குப் பொய் சொல்றதுக்குப் பேரா கெடச்சுது, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னிடம் மொத்த வியாபாரிகள் குரலை உயர்த்தியதுண்டு, ஏற்றுமதிக்காரர்கள் கை நீட்டிப் பேசியதுண்டு. ஒருவர் சொல்லியும் நான் எழுதிய கணக்கைத் திருத்த நினைத்ததில்லை. அன்றைக்கு முதல்முறை.

மறுநாள் பேருந்து ஏறி, பொன்னேரிப் பக்கம் இருக்கிற அவர்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். கல்பனா ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. பாடு என்றால் என்ன, கோரைத்திட்டு என்று சொன்னால் ஊரில் என்ன அர்த்தம், நான் என்ன எழுதினேன், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன்.

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“நான் மூணு தடவ கோரைத்திட்டுல கூண்டு வச்சுப் பாத்தேன் ஐயா. ஒண்ணுகூட மாட்டல. என் கூண்டுலதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன். உங்க நோட்டுல தப்பு இருக்கும்னு தோணவே இல்ல.”

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ஒன்றர வருசம் ஐயா” என்றாள் பிறகு. “இத எடுத்துட்டா என்கிட்ட வெறும் நண்டு நம்பர்தான் மிச்சம்.”

“போட்டோ இருக்குல்ல?”

“இருக்கு.”

“வயித்துப்பக்கம் எடுத்தது?”

“எல்லாம் இருக்கு.”

“அப்ப இடமும் இருக்கு. காட்டும்மா” என்றேன்.

அவள் நம்பவில்லை. நம்பாதது சரிதான், ஒருமுறை ஏமாந்தவள். பேராசிரியரை அழைத்து வந்தாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவேண்டாம். கடைசியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். கல்பனாவே தன் கூண்டில் வேறு வேறு இடத்தில் பிடித்த நண்டுகளின் படம் இருபது. எங்கே பிடித்தது என்று அவள் நோட்டில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கணினியில் காட்டினாள்.

“சிப்பிமேடு. அலையாத்தி ஓடை. இதுவும் அலையாத்தி. தெற்கு ஓடை. முகத்துவாரம்.” நான் சொல்லச் சொல்ல அவள் டிக் போட்டுக்கொண்டே போனாள். நாலாம் வகுப்பில் எனக்கு இவ்வளவு டிக் விழுந்திருந்தால் நான் வாத்தியாராகப் போயிருப்பேன். இருபதில் பத்தொன்பது சரி. ஒன்று மட்டும் தப்பு என்றாள். நான் முகத்துவாரம் என்று சொன்னது அவள் நோட்டில் அலையாத்தி ஓடை என்று இருந்தது.

“இல்லம்மா. இது மணல்ல கெடந்த வயிறு. நல்லாப் பாரு.”

“நானே புடிச்சேன் ஐயா, அலையாத்தியில.”

“புடிச்ச அன்னிக்கே போட்டோ எடுத்தியா?”

அவள் நோட்டைப் புரட்டினாள். புரட்டிய கை நின்றது. அந்த நண்டைப் பிடித்துக் கொண்டு வந்து, இரண்டு வாரம் மணல் போட்ட தொட்டியில் வைத்திருந்து, பிறகுதான் படம் எடுத்திருக்கிறார்கள். பேராசிரியர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டிருந்தவர்.

இரண்டு நாள் உட்கார்ந்து நூற்று அறுபத்து மூன்று நண்டின் வயிற்றையும் பார்த்து முடித்தேன். கோரைத்திட்டு என்று எழுதின நூற்றுப் பதினெட்டில் எண்பத்தொன்று முகத்துவாரம், இருபத்திரண்டு சிப்பிமேடு, மற்றவை அங்கொன்றும் இங்கொன்றும். கோரைத்திட்டு நண்டு ஒன்றுகூட இல்லை. சினை நண்டு அத்தனையும் முகத்துவாரத்தில்.

“வயித்தப் பாத்துச் சொன்னாருன்னு மட்டும் எழுதி அனுப்ப முடியாது. கூண்டு வச்சு நிரூபிக்கணும். முகத்துவாரத்துலயும் கோரைத்திட்டுலயும் ஒரே நாள்ல. அதுக்கு மீனவங்க விடணும்” என்றார் பேராசிரியர்.

“அறிக்கையில இத எப்படி எழுதுவீங்க சார்?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்.”

“பொய் எழுதினது உமர் பாரூக், திருத்தினது உமர் பாரூக். ரெண்டையும் எழுதுங்க” என்றேன்.

அன்று மாலையே ஏலக் கூடத்தில் துலுக்காணத்தையும் பாட்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். கல்பனாவும் வந்திருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் துலுக்காணம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நாலு தலமொறையா எங்க பாட்ட வெளியில சொன்னவன் கெடையாது பாய். நீ எங்க உப்பத் தின்னுக்கினு எங்க தண்ணிய காட்டிக் குடுத்துட்ட.”

“யார் பேரையும் சொல்லல துலுக்காணம். எவன் எந்த மூலையில கூண்டு போடறான்னும் சொல்லல. முகத்துவாரம்னு மட்டும் சொன்னேன். அதுவும் நான் சொல்லல, நண்டு சொல்லுது.”

“நண்டு சொல்லுதாம். நண்டு உன்கிட்ட மட்டும்தான் பேசுதா?”

“ஆமா. உன்கிட்ட பேசினா நீ கோரைத்திட்டுன்னு சொல்லிடுவ.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். துலுக்காணம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“இனிமே என் பாட்டுக்காரன் ஒருத்தனும் உன் கொட்டகைக்கு நண்டு போடமாட்டான். கூண்டும் வைக்கக்கூடாது” என்று எழுந்துவிட்டார்.

சொன்னபடி செய்தார். மறுநாள் என் எட்டுத் தொட்டியிலும் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சாயிரா பானு காலியான கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். “தொட்டி தேய்க்க நேரமே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தோம். இப்ப தேய்ச்சுடலாம்” என்றாள். இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம்.

திருவள்ளூருக்கு அறிக்கை போக நாலு நாள்தான் இருந்தது. நான் துலுக்காணம் வீட்டுக்குப் போனேன். யார் வீட்டுக்கும் நான் சமாதானத்துக்குப் போனதில்லை, என் வீட்டுக்குத்தான் வருவார்கள். போனேன். அவர் மனைவி தமிழ்செல்வி வாசலில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் கோரைத்திட்டில் இறங்குகிறவள்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு” என்றேன். “கோரைத்திட்ட மூடினா அறுபது பொம்பளைங்களும் ஊட்டுல குந்திக்கினு இருப்பாங்களா? பக்கத்துத் தண்ணியிலதான் எறங்குவாங்க. பக்கத்துத் தண்ணி எது?”

நானே பதிலும் சொன்னேன்.

“சிப்பிமேட்டு ஓரம். உன் பாடு. சீட்டு இல்லாம எறங்குவாங்க. மொதல்ல எறங்கப்போறது யாரு?”

தமிழ்செல்வி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “நான்தான்.”

“நீ சும்மா இரு” என்றார் துலுக்காணம்.

“சும்மாதானே இருக்கப்போறேன், மூணு மாசம். நீ சோறாக்கு.”

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். “முகத்துவாரத்த மூணு மாசம் மூடினா நாங்க இன்னா பண்றது பாய்?” என்றார் பிறகு. குரலில் கோபம் குறைந்திருந்தது.

“மூடணும்னு யாரு சொன்னது? அந்தப் பொண்ணு சொல்றத ஒரு தடவ காதுல வாங்கு.”

கல்பனாவைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டேன். சினை நண்டு அதிகமாகக் கடலுக்குப் போவது தையும் மாசியும்தான், பங்குனியைச் சேர்க்கவேண்டாம் என்றாள். முகத்துவார வாய்க்கால் முழுவதையும் மூடவேண்டாம், அதன் ஓரத்து இரண்டு இடத்தைச் சும்மா விட்டால் போதும், மற்ற இடத்தில் சினை நண்டு மாட்டினால் திரும்ப விட்டுவிடவேண்டும் என்றாள். துலுக்காணம் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்பது பாட்டையும் விரல்விட்டு எண்ணினார்.

“அந்த ரெண்டு எடத்தையும் காலிப் பாடுன்னு வச்சு சீட்டுல சேத்துடலாம். அது எவனுக்கு விழுதோ அவனுக்கு அன்னிக்கு லீவு. மொற மாறி மாறி வரும், ஒருத்தன் தலையில விழாது” என்றார்.

மறுமுனையில் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. “எழுதிக்கினு இருக்கியாம்மா?” என்றேன். “ஆமாங்க ஐயா” என்றாள்.

“ஆனா மொதல்ல கூண்டு வை. பாய் வயித்த நான் நம்பமாட்டேன்” என்று சொல்லிப் போனைக் கொடுத்தார்.

மூன்று நாள் கூண்டு வைத்தார்கள். முகத்துவாரத்தில் துலுக்காணத்தின் படகிலேயே போனார்கள். அங்கே பதினாலு சினை நண்டு. கோரைத்திட்டுக் கூண்டில் ரத்னாவே கூட நின்று பார்த்தாள். மூன்று நாளும் சேர்ந்து ஒரு விலாங்கு மாட்டியது. அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் திருவள்ளூரில் அதிகாரிகள் முன்னால் அறிக்கை வைத்தார்கள். ரத்னா, துலுக்காணம், நான், மூவரும் ஒரே வேனில் போனோம். கல்பனா திரையில் புதுப் படத்தைப் போட்டாள். கோரைத்திட்டுச் சிவப்புப் புள்ளியில் பெரும்பாலானவை முகத்துவாரத்துக்குப் போயிருந்தன. ஊர்க் கூட்டத்தில் சொன்னதற்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஒரு அதிகாரி கேட்டார். பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன்.

“இடத்தை மாற்றி எழுதியது நான்தான் ஐயா. பாட்டை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை உங்கள் நோட்டில் எழுதியது என் தப்பு” என்றேன். மேடைத்தமிழிலேயே சொன்னேன், தடுமாறவில்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் தன் பொய்யைத் தானே நின்று சொன்ன வியாபாரி எங்கள் மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

கோரைத்திட்டை மூடும் பரிந்துரை எடுக்கப்பட்டது. ரத்னா அதோடு விடவில்லை. படத்தில் கோரைத்திட்டு இருக்கிற இடம் வெறும் நீலமாக இருக்கிறது, அங்கே பெண்கள் கையால் இறால் பொறுக்கும் இடம் என்று தமிழில் எழுதினால்தான் கிளம்புவேன் என்றாள். கல்பனா அங்கேயே கணினியில் அடித்தாள். ரத்னாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். “ரத்னா, எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“இன்னா வார்த்த? பொய் எழுதினது நீ, அழிச்சதும் நீ. நடுவுல எனக்குப் பன்னெண்டு நாள் தூக்கம் போச்சு. அத்த யாரு எழுதுவாங்க?”

துலுக்காணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த வாரமே அவர் ஆட்கள் என் கொட்டகைக்கு நண்டு போட ஆரம்பித்தார்கள். கல்பனா இப்போது டாக்டர் கல்பனா. அவள் எழுதிய கட்டுரையில் என் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. பொய்யும் திருத்தமும் இரண்டுமே அதில் இருக்கிறதாம். பொன்னேரியில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொட்டகையில் ஒட்டியிருக்கிறேன். பாட்டுக்காரர்கள் சீட்டில் இன்றைக்கும் இரண்டு காலிப் பாடு உண்டு.

அந்தத் தை பிறந்த மூன்றாம் நாள், விடிந்தும் விடியாததுமாகக் கோரைத்திட்டுக்குப் போனேன். என்னால் நிற்கவிருந்த வேலை, என்னால் நடக்கிற வேலை, ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று. அறுபது பெண்களும் தண்ணீரில் இருந்தார்கள். குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு, பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி ஒரே வரிசையாக நகர்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியட்டும் என்று கைலியை மடித்துக் கட்டி நானும் நாலடி இறங்கினேன்.

ரத்னா நிமிர்ந்தாள். வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

“தண்ணி கலங்குது பாய். கரை ஏறு.”

ஏறிவிட்டேன்.